மூக்கு லாரிக்கு மேட் பெயின்ட்: டெல்டா ஈரத்திலும் நிற்கும்படி அடிப்பது எப்படி

பளபளக்கிற பெயின்டில் தூசி விழுந்தால் மறுநாள் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் வைத்து மெருகேற்றிவிடலாம். பளபளக்காத மேட் பெயின்டில் அது நடக்காது. தேய்த்த இடம் மினுங்கும், மினுங்கிய இடம் மறுபடி மங்காது. கடைசி கோட் அடித்து ஸ்பிரே கன்னைக் கீழே வைக்கும்போது வண்டி எப்படி இருக்கிறதோ, அப்படியேதான் இருக்கப்போகிறது. "மேட்டுதானே, சுமாரா அடிச்சாலும் தெரியாது" என்று இறங்கி ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

எங்கள் வண்டி 1978-இல் பதிவான டாடா 1210, இன்ஜின் கேபினுக்கு முன்னால் மூக்கு மாதிரி நீண்டிருக்கும் மூக்கு லாரி. அப்பா காலத்தில் பாபநாசம் பக்கத்துக் கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் மூட்டை ஏற்றியது. சம்பா நடை முடிந்தால் செங்கல். டாடாவின் லாரி நிறுவனமான டெல்கோவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 1954-இல் சேர்ந்து ஆரம்பித்த லாரி வரிசையின் வாரிசு இது. 1969-இல் அந்தக் கூட்டு முடிந்து, மூக்கில் இருந்த நட்சத்திரம் போய் டாடாவின் எழுத்து வந்தது. மற்றபடி அதே உருண்டை பானெட், அதே அகன்ற மட்கார்டு.

முதல் முறை அடித்தது ஒரு புரட்டாசியில். ரெட் ஆக்சைடு, அதன் மேல் சிந்தெடிக் எனாமல், பளபளப்பைக் கொல்ல மண்ணெண்ணெய். மூன்று மாதம் அழகாக இருந்தது. சித்திரையில் சாய்ந்து நின்றால் சட்டையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. அடுத்த ஐப்பசியில் கதவின் அடியில் கொப்புளம். இரண்டாம் முறை தகரம் வரைக்கும் உரித்து அடித்தது ஐந்து வருடமாக நிற்கிறது. கீழே இருப்பது அந்த இரண்டாம் முறை.

மேட் ஏன் சீக்கிரம் செத்துப்போகிறது

பெயின்டில் நிறத்தூள் இருக்கிறது, அதைப் பிடித்து வைக்கும் பிசின் இருக்கிறது. பளபளக்கிற பெயின்டில் பிசின் மேலே கண்ணாடி போல ஒரு தோல் கட்டும். வெளிச்சம் ஒரே திசையில் திரும்பும். மேட்டில் அந்தத் தோல் கண்ணுக்குத் தெரியாத அளவில் மேடுபள்ளமாக இருக்கிறது, வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுகிறது. இந்த மேடுபள்ளத்தை இரண்டு விதமாக உண்டாக்கலாம். ஒன்று, பிசினைக் குறைத்துத் தூளை அதிகமாக்குவது. மலிவு, ஆனால் படலம் பஞ்சு மாதிரி ஆகிவிடும். ஈரம் உள்ளே போகும், வெயில் மிச்சமிருக்கும் பிசினைத் தின்னும், தூள் உதிரும். என் சட்டையில் ஒட்டியது அந்தத் தூள்தான். இன்னொன்று, பிசின் நிறைவாக இருக்கும்போதே நுண்ணிய சிலிக்கா துகள்களைக் கலப்பது. கடையில் மேட்டிங் ஏஜென்ட், மேட்டிங் பேஸ்ட் என்று கேட்டால் தருவார்கள். நிற்கிற மேட் இதுதான்.

மண்ணெண்ணெய் இரண்டிலும் சேராது. அது மெதுவாக ஆவியாகி, பிசுக்கை விட்டுவிட்டு, எனாமல் இறுகுவதையே கெடுக்கிறது. தின்னரை அள்ளி ஊற்றுவதும், டால்கம் பவுடர் கலப்பதும் அதே ஜாதி.

இன்னொரு முடிவையும் இப்போதே எடுத்துவிடுங்கள்: எவ்வளவு மேட்? பளபளப்பை 60 டிகிரி கோணத்தில் வெளிச்சம் அடித்து அளக்கும் கருவி இருக்கிறது. அதில் 10-க்குக் கீழே என்றால் கரும்பலகை மாதிரி செத்த மேட். 15 முதல் 20 என்றால் முட்டை ஓட்டின் மினுக்கு. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். செத்த மேட் போட்டோவில் நன்றாக இருக்கும். ஆனால் கை வைத்தால் ரேகை பதியும், சேறு பட்டால் துளைக்குள் உட்காரும். நம் ஊர் சாலையில் ஒரு நாற்று நடவு சீசன் ஓடினால் போதும்.

எந்தப் பெயின்ட்

வழி மூன்று இருக்கிறது. மேட் சிந்தெடிக் எனாமல் மலிவு, பிரஷ்ஷாலேயே அடிக்கலாம், ஆனால் வெளியே நிற்கும் வண்டிக்கு இரண்டு மூன்று வருடம்தான். நிறத்துக்கு பேஸ் கோட் அடித்து அதன் மேல் நிறமில்லாத மேட் கிளியர் போடுவது காட்சிக்கு வைக்கும் வண்டிக்கு மிக அழகு. கிளியர்தான் வெயிலை வாங்குகிறது, நிறம் அடியில் பத்திரம். ஆனால் ஜல்லி தெறித்துக் கிளியர் பெயர்ந்தால் வெள்ளையாக ஓரம் தெரியும். மூன்றாவது, பெயின்டை இறுகவைக்கும் ஹார்டனரை அடிக்கும் முன் கலக்கும் டூ-கே (இரண்டு பாகம்) பாலியூரித்தேன், நிறத்திலேயே மேட். ஓட்டுகிற லாரிக்கு என் வோட்டு இதற்குத்தான்.

கேபினுக்கு மட்டும்தான் இது. பின்னால் லோடு பாடி மரப்பலகை என்றால் டூ-கே வேண்டாம். மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். இறுகிய படலம் விரிசல் விட்டுவிடும். பலகைக்கு மேட் எனாமலே போதும், நான்கு வருடத்துக்கு ஒரு முறை திரும்ப அடித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் பெயின்டை 10 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரத்தில் 100 மைக்ரான் தடிமன் வரும். பாதி ஆவியாகிப் போனால் காய்ந்த பிறகு 50 மைக்ரான், நமக்கு வேண்டியது அதுதான். ஸ்பிரேயில் நாற்பது சதவீதம் காற்றோடு போகும் என்று வைத்துக்கொண்டால் ஒரு லிட்டருக்கு 6 சதுர மீட்டர். எங்கள் கேபின், பானெட், மட்கார்டு, கதவு எல்லாம் அளந்தபோது 18 சதுர மீட்டர் வந்தது. ஆக, கலந்த கணக்கில் 3 லிட்டர். நான் 4 லிட்டருக்கு வாங்கினேன். நடுவில் தீர்ந்துபோய் வேறு பேட்ச் டப்பா வாங்கினால் மேட் மாறிவிடும்.

நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை

மேட் என்றதும் பாதிப் பேருக்கு ராணுவப் பச்சைதான் ஆசை. அது கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 121, பாதுகாப்புத் துறை வண்டிகள் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. எந்த நிறமானாலும் ஆர்.சி.யில் இருப்பதிலிருந்து மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அடித்த பிறகு ஓடுவதைவிட முன்னால் கேட்டுக்கொள்வது நல்லது. மேட் கறுப்பு வேண்டாம் என்பது மட்டும் என் சொந்த அபிப்பிராயம். அக்னி நட்சத்திரத்தில் மூக்கு லாரியின் கேபின் ஏற்கெனவே அடுப்பு. எங்கள் வண்டிக்கு மண் கலந்த பழுப்பு. அந்தக் காலத்து நேஷனல் பெர்மிட் லாரிகளின் காய்ந்த இலை நிறத்துக்குப் பக்கத்தில் வரும்.

மாதமும் மணியும்

டெல்டாவில் பெயின்ட் அடிக்க மாசி, பங்குனிதான். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை, பேச்சே இல்லை. தையில் மழை நின்றிருக்கும், ஆனால் இரவுப் பனியில் தகரம் காலை எட்டு மணிக்கும் நனைந்திருக்கும். போதாததற்கு சம்பா அறுவடை, காற்றெல்லாம் பதரும் வைக்கோல் சுணையும். சித்திரை, வைகாசியில் வெயில் 38 டிகிரியைத் தொடும்போது பெயின்ட் தகரத்தைத் தொடும் முன்பே பாதி காய்ந்து, சொரசொரவென்று உட்காரும். அப்போது அடித்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக ஆவியாகும் தின்னர் கேட்டு வாங்குங்கள். ஆடியில் அம்மியே பறக்கும்போது கொட்டகை என்ன ஆகும்?

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். மாசியில் எங்கள் கொட்டகையில் காலை ஏழுக்கு 85-க்கு மேல் காட்டும், பதினொரு மணிக்கு 60-க்கு வந்துவிடும். டூ-கே ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு வினைபுரிந்து வாயுவைக் கக்கும், படலத்தில் குமிழ் விழும், மேட் திட்டுத்திட்டாகும். அதனால் 70-க்கு மேல் இருந்தால் நான் கன்னைத் தொடுவதில்லை. காற்று காய்ந்திருந்தாலும் தகரம் குளிர்ந்திருக்கலாம். பனி படியும் வெப்பநிலையைவிடத் தகரம் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்பது விதி. கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஈரத்துணியால் கதவில் உள்ளங்கை அளவு துடைத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தடமில்லாமல் காய்ந்தால் அடிக்கலாம்.

காலை பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும். சாயங்காலம் ட்யூப் லைட் போட்டுக்கொண்டு அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சுற்றிலும் வயல். விளக்கைப் போட்டால் தத்துப்பூச்சி மொய்க்கும், ஈரப் பெயின்ட்தான் அதற்குக் கல்லறை.

உரிப்பது

பானெட், மட்கார்டு, கதவு, கிரில் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மட்கார்டுக்கும் பானெட்டுக்கும் நடுவில் இருக்கும் பீடிங் பட்டையைப் பிய்த்து எறியுங்கள். நாற்பது வருட அழுக்கும் துருவும் அதற்கடியில்தான். டேப் ஒட்டிச் சமாளிப்போம் என்று விட்டால் அங்கிருந்துதான் முதலில் உரியும்.

பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த தூளாகக் கிளப்பாதீர்கள். நல்ல தூசி மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளையும் கோழியையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். பெயின்ட் ரிமூவர் தட்டையான தகரத்துக்குச் சரி. மடிப்பு, ஜாயின்ட் இருக்கும் இடத்தில் ஊற்றினால் உள்ளே புகுந்து உட்கார்ந்து, புதுப் பெயின்ட் அடித்த பிறகு மெல்ல வெளியே வரும்.

சேஸிஸ், பிராக்கெட் போன்ற கனமான இரும்புக்கு, துகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி உரிக்கும் ப்ளாஸ்டிங் மிகச் சிறப்பு. திருச்சியில் பெல் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த துவாக்குடிப் பட்டறைப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். கதவு, பானெட் போன்ற அகலத் தகரத்தில் அதே அழுத்தத்தில் அடித்தால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அவற்றுக்கு ஸ்ட்ரிப்பிங் டிஸ்க், அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள். ஆற்று மணலால் ப்ளாஸ்ட் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அந்த சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. கார்னெட் அல்லது ஸ்டீல் கிரிட் கேளுங்கள்.

வண்டி நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடியதா? உப்பு ஏற்றியதா? அப்படியானால் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் இரும்பை நம்பாதீர்கள். எங்கள் வண்டியும் சில வருடம் வேதாரண்யத்திலிருந்து உப்பு மூட்டை ஏற்றியது. ஃபுட்போர்டைச் சுத்தமாகத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கிவிட்டு இரவு அப்படியே விட்டோம். காலையில் பார்த்தால் மிளகைத் தூவியது போலக் கறும்புள்ளிகள். துருக்குழிக்குள் இருந்த உப்பு ராத்திரி ஈரத்தை இழுத்துக்கொண்டது. நல்ல தண்ணீரால் கழுவி, ஹாட் ஏர் கன்னால் காயவைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி ஓர் இரவு. மூன்றாம் காலைதான் புள்ளி வரவில்லை. கழுவும் தண்ணீரே உப்புத் தண்ணீராக இருந்தால் இந்த வேலை முடியவே முடியாது. கடலோரத்துக்காரர்கள் மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

குழிக்குள் மிச்சமிருக்கும் துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துருநீக்கி தடவலாம். தடவினால் முழுக்கக் கழுவி உலர்த்த வேண்டும். மிச்ச ஆசிட் மேல் அடுத்து அடிக்கும் எபாக்சி பிரைமர் பிடிக்காது.

எபாக்சி, பிறகு பட்டி

தகரம் தெரிந்த அன்றைக்கே அடிப்பூச்சான எபாக்சி பிரைமர் ஏறிவிட வேண்டும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றால் நாளைக்கு மெல்லிய செந்நிறப் பூச்சு இருக்கும். தின்னரில் நனைத்த துணி ஒரு கையில், உலர்ந்த துணி மறு கையில்; நனைத்துத் துடைத்ததை அது ஆவியாகும் முன் உலர்ந்ததால் எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைப்பது எண்ணெயை ஊர்வலம் அழைத்துப்போவதுதான். கையுறை போடுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையால் தடவிய இடத்தில் பெயின்ட் விலகி வட்டவட்டமாகக் குழி விழும். டேஷ்போர்டு பாலிஷ் டப்பா அந்தக் கொட்டகைக்குள்ளேயே வரக் கூடாது.

எபாக்சி இரண்டு கோட், 1.6 முதல் 1.8 மில்லிமீட்டர் நாசில். ஜாயின்ட்களில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர் அதன் பிறகு. பள்ளத்தை நிரப்பும் பட்டியும் எபாக்சி மேல்தான்.

பட்டிதான் என் முதல் வேலை தோற்ற இடம். நம் பட்டறைகளில் பட்டி வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது பழக்கம். தூசி வராது, பேப்பர் மிச்சமாகும், நைஸாகவும் வரும். ஆனால் பாலியஸ்டர் பட்டி தண்ணீரைக் குடிக்கும். மேலே பெயின்ட் மூடிவிட்டால் அந்த ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. சூட்டில் கொப்புளமாகத்தான் எழும்பும். இரண்டாம் முறை எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் கும்பகோணத்துப் பெயின்டர் அண்ணன் ஒருவர், பஸ் பாடி பெயின்டிங்கில் கை பழகியவர். பழைய கதவின் கொப்புளத்தை அவர் ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்தது. ஒரு வருடத்துக்கு முந்தைய தண்ணீர். "தண்ணி குடிச்ச பட்டி தம்பி, அது கக்காம விடாது" என்றார். அன்றிலிருந்து உலர் உப்புத்தாள் மட்டும்தான்: 80, 180, பிறகு 320.

மேட் அடித்தால் தகர நெளிவு தெரியாது என்பது உண்மை. பிம்பம் விழாததால் லேசான அலை மறைந்துவிடும். ஆனால் கீறல் மறையாது. 80 நம்பர் தாளின் கோடு, பட்டியின் ஓரம், டேப் விட்ட விளிம்பு மூன்றும் மேட்டில் நிழல் போலத் தெரியும், அதைத் திருத்தவும் முடியாது. எனவே பட்டி வேலை முடிந்ததும் மேற்பரப்பைச் சமப்படுத்தும் டூ-கே சர்ஃபேசர் இரண்டு கோட், அதன் மேல் வேறு நிறத்தில் மெல்லிய தூவல் ஒன்று, பிறகு கட்டையில் சுற்றிய 400 நம்பர் தாளால் தேய்ப்பு. தூவிய நிறம் எங்கே மிச்சம் நிற்கிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது. காலை ஏழு மணிக்குச் சாய்ந்து வரும் வெயிலில் வண்டியை நிறுத்தி ஒரு சுற்று வந்து பாருங்கள். மதியம் நல்லபடி தெரிந்ததெல்லாம் அப்போது காட்டிக்கொடுக்கும்.

கொட்டகையும் காற்றும்

ஸ்பிரே பூத் நம்மிடம் இல்லை. வைக்கோல் போட்ட கொட்டகையைக் காலிசெய்து, மேலும் பக்கவாட்டிலும் புது பாலிதீன் ஷீட் கட்டினோம். தார்ப்பாய் வேண்டாம், அதன் மடிப்புக்குள் போன வருடத்து நெல்தூசி இருக்கும். தரையை முந்தைய நாள் மாலையே கழுவிவிட்டோம். அடிக்கும் நேரத்தில் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும், ஈரப்பதம் ஏறிவிடும். ஆவி வெளியேற ஒரு பக்கம் திறப்பு வேண்டும், ஆனால் தின்னர் ஆவியில் சாதாரண மின்விசிறி மோட்டாரின் பொறி ஒன்று போதும் எல்லாவற்றையும் முடிக்க. காற்று வரும் திசையில் நனைத்துப் பிழிந்த பருத்திச் சேலை ஒன்றைத் தொங்கவிட்டது நன்றாக வேலை செய்தது.

கம்ப்ரஸர் டெல்டாக் காற்றை அழுத்தினால் தண்ணீர்தான் முதலில் வரும். காலையில் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து வடித்துவிடுங்கள், நடுவிலும் ஒரு முறை. கம்ப்ரஸரிலிருந்து நேராக ஃபில்டர் வைக்காமல் சில மீட்டர் இரும்புக் குழாய் வைத்தால் காற்று ஆறும், ஈரம் அங்கேயே நீராகும், அதன் பிறகு வாட்டர் டிராப் வைத்தால்தான் பிடிக்கும். கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் அரை நிமிடம் வெறும் காற்றை அடித்துப் பாருங்கள். புள்ளி விழுந்தால் அன்றைக்குப் பெயின்ட் இல்லை.

மாஸ்க் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஐசோசயனேட் ஆவி ஒரு முறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால், பிறகு சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா வரும், வாழ்நாள் முழுக்க. மூக்கில் கட்டும் கைக்குட்டையோ மருந்துக்கடை மாஸ்க்கோ இதற்கு எந்த விதத்திலும் போதாது. சுத்தமான காற்றை வெளியிலிருந்து குழாயில் கொண்டுவரும் முகமூடிதான் சரி; அது இல்லாவிட்டால் டூ-கே அடிக்கும் வேலையை மட்டும் வசதியுள்ள பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள். நான் கடைசி நாளுக்கு முகமூடியை வாடகைக்கு எடுத்தேன். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு நைட்ரைல் உறை, முழுக்கைச் சட்டை.

அடிக்கும் நாள்

ஒரு வாரம் முன்பே எண்ணெய் டின் தகரத்தில் அடித்துப் பார்த்துவிடுங்கள். மேட் பேஸ்ட் எத்தனை பங்கு, ஹார்டனர் எத்தனை பங்கு என்பதை டப்பாவோடு வரும் தாளில் உள்ளபடிதான் போட வேண்டும். ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் மினுக்கு மாறும், ஆயுளும் மாறும். டின் தகரத்தை ஒரு நாள் காயவிட்டு வெயிலில் பாருங்கள். அன்றைக்கே முடிவு செய்யாதீர்கள்.

எல்லா டப்பாவையும் ஒரே பக்கெட்டில் ஊற்றி ஒன்றாக்குங்கள், ஹார்டனர் சேர்க்காமல். சிலிக்கா அடியில் படிந்திருக்கும். தட்டையான பட்டையால் அடியை வழித்து வழித்துக் கலக்க வேண்டும். குலுக்கினால் குமிழ். ஒவ்வொரு சுற்றுக்கும் வேண்டியதை மட்டும் எடுத்து ஹார்டனர் சேருங்கள், ஊற்றும்போதெல்லாம் மறுபடி ஒரு கலக்கு. மிக நைஸான வடிகட்டியில் வடித்தால் மேட் துகளும் தங்கிவிடும். சாதாரணப் பெயின்ட் வடிகட்டியே போதும்.

நாசில் 1.4, கன்னில் அழுத்தம் 2 பார் அளவில், அதாவது 29 பி.எஸ்.ஐ. பக்கம். ஒரு சாண் தூரம். கை வளைந்து வீசாமல், தகரத்துக்கு இணையாக, உடம்போடு சேர்ந்து நகர வேண்டும். சாதாரண பெயின்டில் ஒரு வரியின் பாதி மேல் அடுத்த வரி ஏறும்; மேட்டில் முக்கால்வாசி ஏற வேண்டும், இல்லையென்றால் வரிக்குதிரை. முதலில் கூரை, பிறகு முதுகு, பிறகு பக்கங்கள். கழற்றிய மட்கார்டும் கதவும் வண்டியில் எப்படி நிற்குமோ அப்படியே தொங்க வேண்டும். படுக்கவைத்து அடித்த பானெட்டும் நிறுத்தி அடித்த கதவும் ஒரே மேட்டில் வராது.

இரண்டு நடுத்தர கோட். முதல் கோட் முழுக்க மங்கும் வரை காத்திருங்கள், எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. அவசரப்பட்டு மேலே ஏற்றினால் அடியில் தின்னர் சிறைப்படும். அந்த இடம் பிற்பாடு பளிச்சென்று தெரியும். கனமாக அடித்தாலும் அதே கதி. இரண்டாம் கோட்டை முதலாவதுக்குக் குறுக்காக அடியுங்கள். அடித்து முடித்ததும் வண்டி பளபளவென்று இருக்கும். பயப்படாதீர்கள், எனக்கும் நெஞ்சு அடைத்தது. காய்ந்தால்தான் மேட்.

இந்த நேரத்தில்தான் பானெட்டின் நடுவில் ஒரு நெல் சுணை வந்து உட்கார்ந்தது. என் கை தானாக அதை எடுக்கப் போனது. அண்ணன் மணிக்கட்டைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். தொட்டிருந்தால் அந்த பானெட் முழுவதையும் மறுபடி தேய்த்து அடித்திருக்க வேண்டும். மறுநாள் நகத்தால் நெருடியபோது சுணை தானாக உதிர்ந்தது. முடி அளவு ஒரு கோடு இன்றும் இருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியும். அதே போல, விட்டுப்போன திட்டு ஒன்று கண்ணில் பட்டால் அங்கே மட்டும் ஒரு வீச்சு அடித்துச் சமாளிக்கக் கூடாது. அந்தப் பாகம் முழுவதும் ஒரு கோட், இல்லையேல் ஒன்றுமில்லை.

காய்வதும் காப்பதும்

தொட்டால் ஒட்டாத நிலை அன்றைக்கே வரும். உள்ளே இறுக ஏழு நாளாவது வேண்டும். இரண்டு வாரம் கழுவக் கூடாது, மேலே தார்ப்பாய் போடக் கூடாது, ஒரு மாதம் ஸ்டிக்கர் கூடாது. கதவில் பேர் எழுதுவதென்றால் மாதம் கழித்து எழுதுபவரைக் கூப்பிடுங்கள். மங்கிய பழுப்பின் மேல் பளபளக்கும் எனாமல் எழுத்து தனி அழகு.

வேக்ஸ், பாலிஷ், காம்பவுண்ட் மூன்றும் இந்த வண்டிக்கு விஷம். கிளீனர் பையன்கள் டீசலில் துணியை நனைத்து லாரியைத் துடைத்து மினுக்குவார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள், திட்டுத்திட்டாகிவிடும். மென்மையான ஷாம்பு, நிறையத் தண்ணீர், அழுத்தாத துணி. போர்வெல் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் புள்ளியைத் தேய்த்து எடுக்க முடியாது என்பதால் வெயிலில் கழுவக் கூடாது, கழுவியதும் ஒற்றி எடுக்க வேண்டும். நாவல் மரத்தடியில் ஆனி, ஆடியில் நிறுத்தாதீர்கள். காக்கை எச்சத்தைப் பார்த்த உடனே ஊறவைத்துக் கழுவுங்கள்.

ஆயுத பூஜை ஒரு சிக்கல். சந்தனம் கழுவினால் போகும். மஞ்சள் கறை வெயிலில் தானே வெளுத்துவிடும். குங்குமம் மேட்டின் துளைக்குள் இறங்கினால் போகாது. எங்கள் அம்மாவிடம் கண்ணாடியில் வையுங்கள், பம்பரில் வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "நெத்தியில வைக்காம முழங்கால்லயா வைப்பாங்க?" என்று பானெட்டின் நடுவில் அழுத்தி வைத்தார்கள். அந்தச் சுணைக்கோட்டுக்கு நாலு விரல் தள்ளி அது இன்னும் இருக்கிறது.

அடிபட்டால் திட்டு மட்டும் அடிக்க முடியாது. அந்தப் பாகத்தின் விளிம்பு வரை முழுக்க 400-இல் தேய்த்து முழுக்க அடிக்க வேண்டும். மட்கார்டு தனியாகக் கழன்று வருவது மூக்கு லாரியின் பெரிய வசதி. அதற்காக அன்றைக்கே அதே பக்கெட்டிலிருந்து ஹார்டனர் கலக்காத பெயின்ட் அரை லிட்டரைச் சின்ன டின்னில் விளிம்பு வரை நிரப்பி மூடி வையுங்கள், தேதியோடு. ஹார்டனரை அப்படி எடுத்து வைக்க முடியாது. ஒரு முறை திறந்தது நம் ஊர்க் காற்றைக் குடித்துக் கெட்டியாகிவிடும், அடிக்கும்போது புதிதாக ஒரு சின்ன டப்பா வாங்கிக்கொள்ளுங்கள்.